வேறு எதையும் உள்ளே போடக் கூடாது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில், அலுவலகத்தில், ரயிலில், எங்கும் வரும். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதப்போகும் தவறில் பாதி அந்தக் கோபம் செய்தது. மீதிப் பாதியைச் செய்தது, நான் நல்லது செய்கிறேன் என்று எனக்கிருந்த நிச்சயம்.

பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் கடை ஒன்றின் மாடியில் நாங்கள் நாலைந்து பேர் சனிக்கிழமைதோறும் கூடுவோம். பெரிய அலுவலகங்கள் கழித்துப்போடும் மடிக்கணினிகள் அட்டைப்பெட்டிகளில் அங்கே வந்து சேரும். திருகாணிகளைக் கழற்றி, தூசியை ஊதி, பழைய பல் பிரஷ்ஷால் விசைப்பலகைச் சந்துகளைத் தேய்த்து, ஓடாததை ஓடவைப்போம். யாரோ ஒரு மேலாளர் வருடக்கணக்காக மேசையிலேயே பிஸ்கட் தின்றிருக்கிறார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடும். சரிசெய்த கணினிகள் சுங்கை பூலோ, அம்பாங், கிள்ளான் பக்கத்து மலிவுவிலை அடுக்குமாடிகளில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போகும்.

எங்களில் உண்மையான வேலைக்காரர் ஒருவர்தான். இரண்டு தெரு தள்ளி கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்போம். நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவள். எனக்குச் சட்டதிட்டம் தெரியும், அவருக்குக் கைவேலை தெரியும். எனக்கு வாயும் இருந்ததால் பெரும்பாலான முடிவுகளை நான் எடுத்தேன்.

கணினியைத் திறந்ததும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் ஓட்டும் அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டல்லவா, அதில் எதைப் போடுவது என்பதுதான் எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை. நான் சேர்வதற்கு முன்பு, கடைகளில் விற்கும் கட்டண மென்பொருளின் திருட்டுப் பிரதியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கணினிகள் விளம்பரம் விளம்பரமாகத் துள்ளி, நத்தை வேகத்துக்கு வந்து, திரும்பி வந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏழை வீட்டுக்கு என்றால் திருட்டுச் சரக்கு போதுமா என்று கத்தினேன். யாரும் காசு கேட்காத, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய, பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடுகிற கட்டற்ற மென்பொருள் இருக்கும்போது நாம் ஏன் திருட வேண்டும் என்றேன். அன்று நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரிதான்.

அதில் தமிழ் இருந்தது எனக்கு இன்னொரு மயக்கம். பட்டியல் முழுவதையும் தமிழில் மாற்றிவைத்தேன். முதல் தொகுதி வாங்கிப் போன பிள்ளைகள் இரண்டாம் நாளே, “ஆன்டி, ‘அமைப்புகள்’னா என்னா? செட்டிங்ஸ் எங்க போச்சு?” என்று போன் செய்தார்கள். பாய் ஒரு வாரம் சிரித்தார். பிறகு மொழியைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்ளும்படி மாற்றினோம். அந்த ஒன்றில் மட்டும் நான் இறங்கிவந்தேன்.

பிறகு வந்த ஒரு தொகுதியில் வேறு சிக்கல் எழுந்தது. அந்த மடிக்கணினிகளில் கட்டண மென்பொருள் முறையாகக் காசு கட்டி வாங்கப்பட்டிருந்தது. உரிமம் கணினியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பாய் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, இது திருட்டு இல்ல. ஒரிஜினல். இத ஏன் அழிக்கணும்? ஓரமா கெடந்துட்டு போவுது லா. நம்மளதும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். தொறக்கறப்ப எது வேணும்னு கேக்கும், பிள்ளைங்க பாத்து எடுத்துக்கட்டும்.”

“அது கெடந்தா பிள்ளைங்க அதுலயேதான் போவாங்க பாய். நம்மளத தொடவே மாட்டாங்க.”

“எப்பவாச்சும் தேவப்படும் அக்கா. பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் கேப்பான்.”

“கேக்கட்டும். அப்ப பாத்துக்கலாம்.”

நான் பிடித்த பிடியை விடவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கட்டற்ற மென்பொருளை மட்டும் போட்டோம். திருட்டுக்கு எதிராக ஆரம்பித்த சண்டை எப்போது பிடிவாதமாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. பாய் அடுத்த கணினியைக் கழற்றப் போய்விட்டார். அவர் அப்படித்தான், ஒன்றை இரண்டு முறை சொல்வார், மூன்றாவது முறை சொல்லமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குடும்பம் நாங்கள் கொடுத்த கணினியை அடகுக்கடையில் வைத்துவிட்டது தெரியவந்தது. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் ஓர் ஒப்புதல் படிவம் எழுதினேன். அதில் ஆறு நிபந்தனைகள். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, ஆறாவதில், எங்களைக் கேட்காமல் வேறு மென்பொருள் எதையும் உள்ளே போடக் கூடாது, போட்டுக் கணினி கெட்டுப்போனால் அது திரும்பப் பெறப்பட்டு வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்படும் என்று முடித்திருந்தேன். கையெழுத்து வாங்குவதற்கு முன் ஆறையும் உரக்கப் படித்துக் காட்டுவேன். என் தோரணைக்கு நீதிபதியே தோற்றுப்போவார். வந்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். ஓசியில் வாங்க வந்த இடத்தில் யார் கேள்வி கேட்பார்கள்?

அப்படித் தலையாட்டியவர்களில், உரிமத்தோடு வந்த அந்தத் தொகுதியில் ஒரு கணினியை வாங்கக் கிள்ளானிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய் மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தார். கேரி தீவில் தோட்ட வேலையில் இருந்தவர், கணவர் இறந்தபின் மகளோடு கிள்ளானில் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தவர். மகளுக்கு அப்போது பதினேழு வயது. அம்மாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதை எல்லாம் ஒரு வரி விடாமல் படிக்கிற பெண் என்று தாய் பெருமையாகச் சொன்னார். மருந்தகப் படிப்பு படிக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. நான் ஆறாவது நிபந்தனையைப் படித்தபோது அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, “வேற எதுவுமே போடக் கூடாதா ஆன்டி?” என்று கேட்டாள்.

“எதுவுமே போடக் கூடாது. தேவையானது எல்லாம் உள்ளயே இருக்கு” என்றேன்.

தாய் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திப் பிடித்து, நிதானமாக, எழுத்துக் கூட்டிப் போட்டார்.

கணினி கொடுத்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை நான் போன் செய்வது வழக்கம். என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. “கம்ப்யூட்டர் ஓடுதா?” என்று கேட்பேன். “நல்லா ஓடுது அக்கா” என்பார்கள். பட்டியலில் குறித்துக்கொள்வேன். அந்த வீட்டிலிருந்தும் மாதாமாதம் அதே பதில்தான் வந்தது.

பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் முடிவுகள் வந்த பிறகு ஒருநாள் அந்தத் தாயே என்னைக் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். தனியார் கல்லூரி ஒன்று முழு உபகாரச் சம்பளம் கொடுக்கிறதாம், மகள் மனுப்போட்டுத் தேர்வாகி, கடைசிப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

“ஞாயித்துக்கெழம காலைல பரீட்ச அக்கா. வூட்டுலயே கம்ப்யூட்டர்ல எழுதலாமாம். நீங்க குடுத்ததாலதான் இதெல்லாம் முடியுது.”

“நல்லா எழுதச் சொல்லுங்கம்மா” என்றேன். பூரித்துப் போனேன். சனிக்கிழமை மாடிக்குப் போய் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தேன். பாய் மட்டும் திருகாணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“பரீட்ச எதுல அக்கா? ஏதாச்சும் தனி சாஃப்ட்வேர் போடச் சொல்றானா?”

“இன்டர்நெட்லதான் இருக்கும் பாய். பிரவுசர் இருந்தா போதும்.”

கேட்டுப் பார்க்க ஒரு போன் போதும். இருபது வருடம் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பட்டியலைப் பார்த்துப் போன் செய்தபோது, “கெடைக்கல அக்கா. பாஸ் ஆகலயாம்” என்றார் தாய். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஆறுதல் சொல்லத்தான் கேட்டேன். ஆனால் என் வாய் எனக்குத் தெரியும்.

“இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கலாம்லம்மா. இந்த மாதிரி வாய்ப்பு எல்லாருக்கும் வராது” என்றேன்.

“ஆமா ஆன்டி” என்றாள்.

“கம்ப்யூட்டர் ஓடுதா?”

“ஓடுது ஆன்டி.”

அதையும் குறித்துக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு வருடங்கள் போயின. கணினியின் அடிப்பக்கம் பலகாரம்போல உப்பிவிட்டது என்று தாய் போன் செய்தார். மின்கலம் வீங்கியிருக்கிறது, உடனே எடுக்காவிட்டால் ஆபத்து என்பதால் மறுநாளே புது மின்கலத்தோடு கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் தாய் மைலோ கலக்கிக் கொடுத்தார். மகள் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பணம் வாங்கும் முகப்பில் வேலைக்குப் போகிறாளாம். கணினியைத் துணி போட்டு மூடி, அலமாரியில் உயரமான தட்டில் வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மின்கலத்தை மாற்றிவிட்டு, சரியாக எழுகிறதா என்று திறந்து பார்த்தேன். இடம் நிறைந்திருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. வேண்டாததை அழித்துக் கொடுக்கலாம் என்று இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போனேன்.

அங்கே ஒரே பெயரில் வரிசையாகக் கோப்புகள் இருந்தன. பெயர் ஒன்றுதான், பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏறிக்கொண்டே போனது. ஒன்பது. பரீட்சை எழுதுபவர் வேறு பக்கம் போய்விடாதபடி திரையைப் பூட்டுகிற மென்பொருள் அது. கல்லூரி அனுப்பியது. கட்டண மென்பொருள் உள்ள கணினியில் மட்டும் ஓடும். எங்கள் கணினியில் அதைச் சொடுக்கினால் பெட்டியைக் கவிழ்த்தாற்போல் புரியாத கோப்புகளாகக் கொட்டும், அவ்வளவுதான். முதல் கோப்பு இறங்கியது சனிக்கிழமை மத்தியானம். மற்ற எட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. கடைசியாக இறங்கியது பத்தே முக்காலுக்கு.

“பரீட்ச எத்தன மணிக்கும்மா இருந்துச்சு?” என்று தாயைக் கேட்டேன்.

“பத்து மணிக்கு அக்கா. நான் வேலைக்குப் போயிட்டேன். வர்றப்ப மீ கோரேங் வாங்கிட்டு வந்தேன். கஷ்டமா இருந்துச்சும்மான்னு சொன்னா. பாவம், சாப்பிடவே இல்ல.”

அவள் பரீட்சை எழுதவே இல்லை. அந்தத் தாய்க்கு அது தெரியாது. கணினியை மூடி, துணியைப் போட்டு, மைலோவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எந்த சூப்பர் மார்க்கெட் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவள் முகப்பு எண் நாலில் நின்றிருந்தாள். சீருடையில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். இடைவேளைக்கு அரை மணி நேரம் இருந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் காத்திருந்தேன். வந்து உட்கார்ந்ததும், சுற்றி வளைக்காமல் அந்த ஒன்பது கோப்புகளைப் பார்த்ததைச் சொன்னேன்.

“சாரி ஆன்டி” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நீ எதுக்கும்மா சாரி சொல்ற?”

“வேற எதையும் உள்ள போடக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல. நான் போட்டுட்டேன். சனிக்கெழம ஒரு தடவ போட்டேன், என்னென்னமோ வந்துச்சு. ரோசாக் பண்ணி கெடுத்துட்டேன்னு நெனச்சேன். திரும்பத் திரும்பப் போட்டா சரியாயிரும்னு பாத்தேன். ஆகல.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லம்மா.”

“நம்பர் எடுத்தேன் ஆன்டி. ரெண்டு தடவ எடுத்தேன். ரோசாக் ஆனா திரும்ப எடுத்துட்டுப் போய் வேற குடும்பத்துக்குக் குடுத்துருவோம்னு இருந்துச்சுல்ல. அம்மா கையெழுத்துப் போட்டாங்க. அவங்களுக்கு அசிங்கமா போயிரும்னு… பாஸ் ஆகலன்னு சொல்லிட்டேன்.”

இரண்டு வருடமாக இந்தப் பெண், தான் கணினியைக் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். நான் மாதாமாதம் போன் செய்து ஓடுகிறதா என்று கேட்டபோதெல்லாம் பயந்துகொண்டே ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். கஷ்டப்பட்டுப் படித்திருக்கலாமே என்று நான் சொன்னதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கடையில் நாலு பேர் பார்க்க அழுதேன். என் கோபத்துக்கு ஆள் தேடிப் பார்த்தேன். கல்லூரியைத் திட்டலாம், எல்லோரிடமும் ஒரே மாதிரி கணினி இருக்கும் என்று நினைக்கிற அவர்கள் திமிரைத் திட்டலாம். கட்டற்ற மென்பொருளைக்கூடத் திட்டலாம். ஆனால் அந்த மென்பொருள் ஒரு பாவமும் செய்யவில்லை. பக்கத்தில் இன்னொன்றுக்கு இடமில்லை என்று சொன்னது நான். கேட்கவே பயப்படும்படி ஒரு படிவத்தை எழுதியதும் நான்.

“நீ எதையும் கெடுக்கல. அந்த சாஃப்ட்வேர் இதுல ஓடாது, அவ்வளவுதான். ஓடுறது இந்தக் கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். தப்பு என்னோடது” என்றேன்.

பழியை அவள் தலையிலிருந்து இறக்கிவிட்டால் அவளுக்கு லேசாகிவிடும் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்.

“அப்ப சனிக்கெழம போன் பண்ணியிருந்தா எழுதியிருப்பேனா ஆன்டி?”

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. “ஆமாம்மா.”

“சரி பண்ண எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?”

“ஒரு மணி நேரம்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். இத்தனை நாள் தன் தவறென்று நினைத்து ஒருவாறு ஆறிப்போயிருந்த ஒன்றை நான் வந்து கிளறி, புதிதாய்க் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு கல்லூரிகள் பார்க்கலாம், நான் கூடவே வருகிறேன், பணத்துக்கு யாரையாவது கேட்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். “பாக்கலாம் ஆன்டி” என்றாள். அந்த உபகாரச் சம்பளம் பள்ளி முடித்த வருடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அது அவளுக்கும் தெரியும்.

இடைவேளை முடிந்து எழுந்தவள், இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

“அம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்டி.”

“சொல்லணும்மா. நீ ஃபெயில் ஆகலன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

“வேணாம். கேக்காமலே எங்களுக்குன்னு வந்து செஞ்ச ஒரே ஆளு நீங்கதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க. அதுவும் இல்லன்னு ஆயிருச்சுன்னா தாங்க மாட்டாங்க.”

மேல்சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சனிக்கிழமை பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உரிமம் உள்ள கணினிகளைத் தனியாக அடுக்கி, இரண்டையும் போட ஆரம்பித்தார். படிவத்தை நான் கிழித்துப்போட்டேன். பிள்ளைகள் எதில் பரீட்சை எழுதப்போகிறார்கள் என்று இப்போதெல்லாம் முதலிலேயே கேட்கிறேன். இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எந்த உபயோகமும் இல்லை. அவள் இப்போது அதே சூப்பர் மார்க்கெட்டில் மேற்பார்வையாளர். படிப்பைப் பற்றி நான் இரண்டு முறை பேச்செடுத்தேன், இரண்டு முறையும் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

தாயிடம் நான் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு மகள் கையில் ஒரு டின் நிறைய முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார். கிடைத்ததா என்று கேட்கச் சாயங்காலம் போன் செய்தார்.

“சொந்தப் பிள்ளைக்குச் செய்ற மாதிரி என் பிள்ளைக்குச் செஞ்சீங்க அக்கா. அவளுக்குத்தான் கொடுத்து வைக்கல” என்றார்.

“இருக்கட்டும்மா, அதுல என்ன இருக்கு” என்றேன்.